மச்சானுக்கு வந்த படர்தாமரை

லிபாகன் என்ற துறைமுக ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் நெமேசியோவின் இருமல் பழக்கம். தெருமுனையில் அந்த இருமல் கேட்டதுமே திறந்து கிடந்த சட்டிகளுக்கு மூடி வந்துவிடும். சமையல்காரர்களின் தலையில் வலை ஏறிவிடும். அதுவரை அடுப்படியில் சுருண்டிருந்த பூனை பின்வாசல் வழியாக வெளியே போய்விடும். நகரசபையின் சுகாதார ஆய்வாளர் அவர். இருபத்தொரு வருஷ சர்வீஸ். ஒரு கடைக்குள் நுழைந்தால் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு தரையை, பிறகு சமைக்கிறவரின் நகங்களை. முதலாளியின் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். நகரத் தலைவரின் சித்தி மகன் நடத்திய வறுகோழிக் கடையை ஒரே ஒரு பல்லிக்காக மூன்று நாள் இழுத்து மூடினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் ஒரு தவறுதான் இருந்தது. பல்லி ஒன்றல்ல, இரண்டு.

ஐம்பதைத் தொட்டபோது அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. நகரசபை மருத்துவர் ரொவேனா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், பதவியில் பெரியவர். அவர் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணு இடுப்பைக் குறைங்க நெமேசியோ சார், இல்லேன்னா ஆயுசுக்கும் மாத்திரை. நீங்களே முடிவு பண்ணுங்க.”

அந்த வாரமே டாடிங் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். டாடிங் ஒருகாலத்தில் குத்துச்சண்டைக்காரன். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் நேராகப் பேசினாலும் எதையோ மறைக்கிறான் என்று தோன்றும். துறைமுகச் சாலையில் மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையின் மாடியில் ஜிம் திறக்கப் போகிறானாம். சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மனுவோடு ஓர் அட்டையையும் சேர்த்து நீட்டினான். ஒரு வருஷ உறுப்பினர் அட்டை. நெமேசியோ பெயர் ஏற்கெனவே அதில் அச்சாகியிருந்தது.

“என்னய்யா இது?” என்றார் நெமேசியோ.

“ஐயையோ, தப்பா நினைக்காதீங்க சார். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனா எங்க ஜிம்மைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? தினமும் வாங்க. தினமும் உங்க கண்ணால பாருங்க. இதைவிடக் கறாரான சோதனை உண்டா?”

நெமேசியோ இதைப் பல கோணங்களில் யோசித்துப் பார்த்தார். எந்தக் கோணத்திலும் ஒரு குறை தெரியவில்லை. தினமும் போகப் போகிறவர் அதற்குமுன் தனியாக ஒரு நாள் ஆய்வுக்கு வேறு போவானேன்? நாற்காலியில் இருந்து எழாமலே கையெழுத்துப் போட்டார். ஆய்வு நாள் என்ற இடத்தில் அன்றைய தேதியை எழுதினார். பத்து நாளில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜிம்மின் வாசலில் தொங்கியது.

ஜிம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவார். ஓடும் பட்டையில் இருபது நிமிஷம், பிறகு பெஞ்சில் படுத்துச் சின்ன எடைகள். கூரையைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பதில்லை. ஆபீஸ் நேரம் முடிந்தால் கண்ணுக்கும் ஓய்வு வேண்டாமா? அதிலும் டாடிங் வைத்திருந்த ஏற்பாடு அந்த ஊர் காணாதது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் சுருட்டிவைத்த ஒரு வெள்ளைத் துண்டு. எடுத்து முகர்ந்தால் யூகலிப்டஸ் தைல வாசனை மூளைக்கு ஏறும். துடைத்துக்கொண்டு போகும்போது வாசல் கூடையில் போட்டுவிடலாம். மறுநாள் மறுபடி வெள்ளைத் துண்டு, மறுபடி வாசனை. “நட்சத்திர ஓட்டல்லகூட இப்படிக் குடுக்க மாட்டான்” என்று உறுப்பினர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் யாரும் நட்சத்திர ஓட்டலில் தங்கியதில்லை.

அந்தத் துண்டைத் தொடாத ஒரே ஆண் இசித்ரோ. துறைமுகத்தில் கருவாட்டு மூட்டை தூக்குகிறவன். வேலை முடிந்ததும் துறைமுகக் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட மாடிப்படி ஏறி வருவான். மாவுச் சாக்கை வெட்டித் தைத்த ஒரு துணியை வீட்டிலிருந்து கொண்டுவருவான். வெந்நீரில் துவைத்துத் துவைத்து நைந்துபோன துணி. அதைப் பெஞ்சில் விரித்துத்தான் படுப்பான். எழுந்திருக்கும்போது பெஞ்சையும் துடைத்துவிட்டு, துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வான்.

“நாள் பூரா மூட்டை தூக்குறவனுக்கு இங்க வந்து வேற தூக்கணுமா?” என்று வங்கிக் காசாளர் ஜோவெல் ஒருநாள் கேட்டுவிட்டான்.

இசித்ரோ எடையை நிதானமாகக் கீழே வைத்தான். “அங்க எப்பவும் வலது தோள்லதான் தூக்குறேன் தம்பி. உடம்பு ஒரு பக்கமா வளைஞ்சுபோச்சு. இங்க இடது பக்கத்துக்கும் ஏதாவது குடுக்கலாம்னு பாக்குறேன்.”

ஜோவெல் தள்ளிப் போனதும் பக்கத்தில் இருந்தவரிடம் மூக்கைச் சுளித்துக் காட்டினான். கருவாட்டு வாடையாம். உண்மையில் இசித்ரோவிடம் சலவை சோப்பு வாசனைதான் அடித்தது. ஆனால் மூட்டைக்காரன் என்று தெரிந்துவிட்ட பிறகு மூக்கு மற்றதைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

மூன்றாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை முகச்சவரம் செய்யும்போது நெமேசியோ தன் கழுத்தின் இடப்பக்கம் பெசோ நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, பொடிப்பொடியாகச் செதில். அதையே வேறொருவர் கழுத்தில் பார்த்திருந்தால் சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தே பெயரைச் சொல்லியிருப்பார். எத்தனை சமையல்காரர்களை அந்த வட்டத்துக்காக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்! ஆனால் கண்ணாடியில் தெரிந்தது அவருடைய சொந்தக் கழுத்து. வேர்க்குரு என்று முடிவு செய்து பவுடர் போட்டார்.

நான்கு நாளில் வேர்க்குருவுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன.

ஊரில் இருந்தது ஒரே மருந்துக் கடை. கல்லாவில் கிளாரிபெல். அவளும் ஜிம் உறுப்பினர்தான், பாட்டுப் போட்டு ஆடும் பெண்கள் வகுப்புக்கு வருவாள். நெமேசியோ கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், இருமல் மருந்து கேட்டு, பல்பொடி கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“படர்தாமரைக்கு நல்ல களிம்பா ஒண்ணு குடும்மா. என் மச்சானுக்கு.”

“மச்சானுக்கு எந்த இடத்துல சார்?”

“கழுத்துலன்னு... சொன்னான்.”

கிளாரிபெல் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள். அது காது வரைக்கும் தூக்கிவிடப்பட்டிருந்தது. ஒரு குழாயை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். “ரெண்டு வேளை தடவச் சொல்லுங்க. மறைஞ்சதும் நிறுத்திடாம மேல ரெண்டு வாரம் தடவச் சொல்லுங்க. யார் துண்டையும் தொட வேண்டாம், தன் துண்டை யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன்.”

“இந்த மாசம் இதோட ஒன்பது குழாய் போயிடுச்சு சார். நாலு பேருக்கு மச்சான், ரெண்டு பேருக்கு வீட்டு வேலைக்காரி. ஜோவெல் இருக்காரே, அவர் நாய்க்குன்னு வாங்கிட்டுப் போனார்.”

“நாய்க்கா?”

“அவர் வீட்ல நாயே கிடையாது.” கிளாரிபெல் மீதிச் சில்லறையைத் தந்தாள். “எங்கிருந்து பரவுதுன்னு யாராவது கண்டுபிடிச்சா நல்லாயிருக்கும். ஆனா அதுக்கெல்லாம் சுகாதார ஆய்வாளர்தான் வரணும், இல்லையா சார்?”

நெமேசியோ பல்பொடியை மறந்துவிட்டு வெளியேறினார்.

அன்று சாயங்காலமும் ஜிம்முக்குப் போனார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று நாலுபேர் கேட்பார்கள், கேட்டால் யோசிப்பார்கள், யோசித்தால் தன் கழுத்துக்கு வந்து சேர்வார்கள் என்பது அவர் கணக்கு. மழைக்காலத்தில் உறுப்பினர்களின் உடை மாறியிருந்தது. கையில்லாத பனியனில் புஜத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்கள் முழுக்கைச் சட்டைக்கு வந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் குளிர்கால மஃப்ளர். ஒருவர் முழங்கையில் சுளுக்குக் கட்டு. ஜோவெல் தாடை வரைக்கும் ஜிப் இழுத்த மேலங்கியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். கேட்டால் “குளிருது” என்றான். வெளியே முப்பத்திரண்டு டிகிரி. எல்லாரும் அடிக்கடி உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சொறிந்துவிட்டு வந்தார்கள், வந்து வெள்ளைத் துண்டால் துடைத்துக்கொண்டார்கள். போகும்போது கூடையில் போட்டார்கள். நெமேசியோவும் போட்டார். துண்டு கையை விட்டுக் கூடைக்குள் விழும்போது உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்தது. வேகமாகப் படியிறங்கினார்.

மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கு ஆசிரியர் ஒருவர் காதிலேயே வட்டம் விழுந்து வந்து நின்றபோது பேச்சு வெடித்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், பெண்கள் வகுப்பு இல்லாத நேரத்தில், ஏழெட்டு ஆண்கள் டாடிங்கைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“யாரோ கொண்டு வராங்க கோச். சுத்தமில்லாத ஆளு யாரோ.”

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். அங்கே இசித்ரோ பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“சாக்குத் துணி,” என்றான் ஜோவெல். “கருவாட்டு மூட்டை மேல கிடந்த சாக்கா இருக்கும். அதைக் கொண்டுவந்து நாம படுக்கிற பெஞ்சுல விரிக்கிறான்.”

டாடிங் தன் சாய்ந்த மூக்கைத் தடவினான். “இங்க ஒரு நிபுணர் இருக்கும்போது நாம ஏன் பேசணும்? நெமேசியோ சார், நீங்க சொல்லுங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். நெமேசியோவுக்குப் பதில் தெரியும். கருவாட்டில் உப்பு. உப்பில் தோல் பூஞ்சை சுகமாக இருப்பதில்லை. பகிர்ந்துகொள்ளும் ஈரத் துணிகள்தான் முதல் சந்தேகம் என்று அவரே பள்ளிக்கூடங்களில் படம் போட்டுப் பேசியிருக்கிறார். ஆனால் துண்டு என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி சான்றிதழைப் பற்றி வரும். அதற்கடுத்த கேள்வி காலரைப் பற்றி.

“மூட்டைகள்ல...” என்று தொண்டையைச் செருமினார், “மூட்டைகள்ல பூஞ்சை இருக்க வாய்ப்பு உண்டு. இல்லைன்னு சொல்ல முடியாது.”

வாய்ப்பு உண்டு என்ற சொல் அந்தக் கூடத்தைக் கடந்து மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது. டாடிங் போய் இசித்ரோவின் தோளில் கைவைக்கப் பார்த்து, வைக்காமல் நிறுத்தினான்.

“தப்பா எடுத்துக்காதே. கொஞ்ச நாளைக்கு வராதே. மத்தவங்க பயப்படுறாங்க.”

இசித்ரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுந்து பனியனைத் தலைவழியாகக் கழற்றினான். கைகளை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். முதுகு, அக்குள், கழுத்து, எங்கும் ஒரு புள்ளி இல்லை. வலது தோளில் மூட்டை தேய்த்த காய்ப்பு மட்டும் இருந்தது.

“நல்லாப் பாருங்க. எங்க இருக்கு?”

யாரும் பார்க்கவில்லை. ஒருவர் செல்போனைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார்.

“சரி, நான் காட்டிட்டேன்,” என்றான் இசித்ரோ. “இப்ப நீங்க கழட்டுங்க. ஒவ்வொருத்தரா.”

ஜோவெலின் கை ஜிப்பைப் பிடித்துக்கொண்டது. கணக்கு ஆசிரியர் காதைப் பொத்தினார். நெமேசியோ தன் விரல்கள் காலரில் இருப்பதை இசித்ரோ பார்த்துவிட்டதை உணர்ந்தார். அவன் கண்ணில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

“நீங்களுமா சார்?” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படிச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போனபிறகு நோய் குறைந்திருக்க வேண்டும். பெருகியது. டாடிங்கும் சும்மா இருக்கவில்லை. சுத்தத்தை இரட்டிப்பாக்கினான்: தைலத்தை இன்னும் தாராளமாகத் தெளித்தான், ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தான்.

இதற்கிடையே நெமேசியோவின் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. மனைவி லித்தா தொடக்கப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். அவள் வைக்கும் கோழிக் கஞ்சிக்காகவே மழைநாளில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்று தலைமையாசிரியை மேடையில் சொன்னதுண்டு. புருஷன் ஒரு மாதமாகச் சட்டையோடு படுப்பது, குளியலறையில் அரைமணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது, தொட்டால் நகர்வது, வெளியே கிளம்பும்போது மட்டும் பவுடர் போடுவது எல்லாவற்றையும் அவள் சேர்த்துவைத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

பெயர் தெரிவதற்கு முன்னால் அவள் இடுப்பில் ஒரு வட்டம் வந்தது. பிறகு முன்கையில் ஒன்று. பள்ளிக்கூடச் சமையல்காரர்களுக்கான மாதாந்தரப் பரிசோதனையில் டாக்டர் ரொவேனா அதைப் பார்த்தார். நல்லபடியாகத்தான் சொன்னார், “முழுசா ஆறுற வரைக்கும் அடுப்படிக்கு வராதீங்க அக்கா. உங்க வீட்டுக்காரர் எழுதிவச்ச விதிதான் இது.”

லித்தா வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நெமேசியோ வந்ததும் சொன்னாள்: “சட்டையைக் கழட்டு.”

“எதுக்கு இப்ப?”

“கழட்டு நெமி.”

கழற்றினார். கழுத்திலிருந்து நெஞ்சுவரை வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்து வரைபடம் மாதிரி இறங்கியிருந்தன.

“நான் வேற பொம்பளைன்னு நினைச்சேன்,” என்றாள் லித்தா. அவள் குரலில் நிம்மதி இருந்ததா ஏமாற்றம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “பொம்பளையா இருந்தா எனக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும். பத்தொன்பது வருஷமா ஒரு நாள்கூட என் கையை யாரும் குறை சொன்னதில்லை. இன்னிக்கு எல்லாச் சமையல்காரிங்களும் பாக்க, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். எங்கேர்ந்து வந்துது இது? ஜிம்லேர்ந்துதானே?”

“இருக்கலாம்.”

“போய் மூடு அதை.”

“அப்படியெல்லாம் நினைச்ச உடனே மூட முடியாதும்மா. புகார் வரணும். எழுத்துல வரணும். பதிவாகணும். அதுதான் முறை.”

“முறையா?” என்றாள் லித்தா. எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தாள். நெமேசியோ விஷயம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. முத்திரை குத்தி, எண் போட்டு, முறையாகப் பதிவாகியிருந்தது. துறைமுகச் சாலை ஜிம்மில் தோல்நோய் பரவுகிறது, சான்றிதழ் கொடுத்த அதிகாரி அங்கே எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை, உடனே ஆய்வு செய்யவேண்டும். கீழே ‘அக்கறையுள்ள ஒரு குடிமகள்’. அந்தக் கையெழுத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குச் சந்தைச் சாமான் பட்டியல் கிடைத்துவந்தது. கடைசி வரி: ‘நகல்: மருத்துவர் ரொவேனா அவர்களுக்கு’.

நகல் அவரை முந்திக்கொண்டது. டாக்டர் கதவருகே நின்று, “சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலாம் சார். ஆள் இருக்கிற நேரத்துல போனாத்தான் பிரயோஜனம். நானும் வர்றேன்” என்றார்.

ஐந்து மணிக்கு ஜிம் நிறைந்திருந்தது. டாடிங் ஓடிவந்து டாக்டருக்கு ஒரு துண்டை நீட்டினான். டாக்டர் அதை முகர்ந்தார், விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கேட்டார்.

“இதையெல்லாம் எங்க துவைக்கிறீங்க?”

“மேல டாக்டர்.”

மாடிக்கு மேல் மொட்டைமாடி. பழைய கொட்டகையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கயிறு கட்டி, மழைக்கு மறைப்பாகப் போட்ட தகரத்துக்குக் கீழே துண்டுகள் வரிசையாகத் தொங்கின. மழை ஈரத்தில் ஒன்றும் காய்ந்திருக்கவில்லை. கிட்டே போனால் தைலத்துக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. பக்கத்தில் தைல பாட்டில்கள் இருந்தன. வாளி இல்லை, சோப்பு இல்லை, குழாய்கூட இல்லை.

“துவைக்கிற இடம்?”

“இதான் டாக்டர். வெயில்ல காயப்போட்டுடுவோம். வெயில்ல சாகாத கிருமி உண்டா?”

“மழைக்காலத்துல?”

“அதுக்குத்தானே தைலம்!” என்றான் டாடிங். ஏமாற்றுகிறவனின் குரலாக அது இல்லை. கண்டுபிடிப்பை விளக்குகிறவனின் உற்சாகம்தான் அதில் இருந்தது. “எங்கம்மா எங்களுக்கு எல்லா வியாதிக்கும் அதான் தடவுவாங்க.”

டாக்டர் ரொவேனா கீழே வந்தார். வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழின் முன்னால் நின்று ஆய்வு நாள், ஆய்வு செய்தவர் பெயர் எல்லாம் வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார். அதில் மொத்தம் ஆறு வரிதான் இருந்தது.

பிறகு இசையை நிறுத்தச் சொன்னார். ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களைத் திரைக்கு அந்தப்பக்கம் இன்னொரு வரிசையிலும் நிற்கவைத்தார். முனகல் எழுந்தது. அவர் ஊசி போடும்போது பிள்ளைகளிடம் பேசும் குரலில் பேசினார்: “வலிக்காது. சட்டையை மட்டும் தூக்குங்க.”

ஜிப்புகள் இறங்கின, மஃப்ளர் அவிழ்ந்தது, சுளுக்குக் கட்டு பிரிந்தது. சுளுக்கே இல்லை. ஜோவெலின் முதுகில் இரண்டு தோளையும் இணைத்துப் பெரிய மாலையே இருந்தது. ஆளாளுக்கு அடுத்தவர் உடம்பைப் பார்த்தார்கள். ஒரு மாதமாக எல்லாரும் எல்லாரிடமிருந்தும் மறைத்தது ஒரே பொருளைத்தான் என்று தெரிந்தபோது அங்கே வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது. பதினான்கு ஆண்களில் பன்னிரண்டு பேர். பெண்களில் பாதிக்குமேல். கிளாரிபெல்லின் மேல் ஒரு கீறல் இல்லை.

“நீங்க எப்படித் தப்பிச்சீங்க?” என்றார் டாக்டர்.

“நான் என் துண்டைக் கொண்டுவருவேன் டாக்டர்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?”

“மருந்துக் கடையில இருந்துக்கிட்டு ஊர் மச்சான்களைப் பத்தியெல்லாம் வெளிய பேசலாமா? குறிப்பா ஒருத்தர்கிட்ட மட்டும் ஜாடையாச் சொல்லிப் பார்த்தேன்.”

நெமேசியோ குறிப்பேட்டில் மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பினார்.

“நெமேசியோ சார். நீங்களும் இங்க உறுப்பினர்தானே?”

“நான் இப்ப பணியில இருக்கேன் டாக்டர்.”

“அதனாலதான் முதல்ல உங்களைப் பார்க்காம கடைசியாப் பார்க்கிறேன்.”

மேல் பொத்தான் கழன்றது, அடுத்தது, அடுத்தது. வரைபடம் வெளிச்சத்துக்கு வந்தது. ஜோவெல் விசிலடித்துவிட்டான்.

திரைக்கு அந்தப்பக்கமிருந்து தலையை நீட்டிய கிளாரிபெல் சொன்னாள்: “ஆச்சரியமா இருக்கு. அவர் மச்சானுக்கும் கழுத்துலதான்னு சொன்னார்.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் பிறகு ஒருவர் விடாமல் சிரித்தார்கள். மச்சான் வைத்திருந்தவர்கள், வேலைக்காரி வைத்திருந்தவர்கள், நாய் வைத்திருந்தவன், எல்லாரும். டாக்டர்கூடக் கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜிம் பூட்டப்பட்டது. துண்டுகள் எரிக்கப்பட்டன. பூட்டில் ஒட்டிய ஆணையில் நெமேசியோவின் கையெழுத்தே இருந்தது. டாக்டர் அதை அவரையே எழுதவைத்தார். தோல் ஆறும்வரை உணவுக் கடைகளுக்கு ஆய்வுக்குப் போக அவருக்குத் தடை. நடக்காத ஆய்வுக்கு நடந்ததாகத் தேதி போட்டதற்கு ஒரு மாதச் சம்பளமில்லா விடுப்பும், விளக்கம் கேட்டு ஒரு கடிதமும். கடைக்காரர்களின் பூனைகள் அந்த மாதம் நிம்மதியாகத் தூங்கின. அவர் வீட்டில் உட்கார்ந்து துணிகளை வெந்நீரில் ஊறவைத்தார். லித்தா தூரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

“தலையணை உறையை மறந்துட்டே.”

“போட்டுட்டேன்.”

“கூரையைப் பாத்தவனுக்குத் தலையணை தெரியாது. திரும்பப் போடு.”

விடுப்பு தொடங்கிய பத்தாம் நாள், அவள்தான் ஆரம்பித்தாள். “அந்த மூட்டைக்காரன்கிட்டப் போனியா?”

“எந்த மூட்டைக்காரன்?” என்று கேட்டார், கேட்ட உடனே அதை விட்டுவிட்டு, “இன்னும் போகல” என்றார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒருமுறை அவளிடம் பாதி சொல்லியிருந்தார். மீதியை அவளே ஊகித்திருந்தாள்.

“என் கையைப் பாத்து நாலு பேர் ஒதுங்கினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்காவது நோய் இருந்துச்சு நெமி. அவனுக்கு ஒண்ணுமே இல்ல.”

மறுநாள் காலை நெமேசியோ துறைமுகத்துக்குப் போனார். இசித்ரோ ஐஸ் ஆலைக்குப் பின்னால் இருக்கிறான் என்றார்கள். அங்கே ஒரு காலி மனை. பால்பொடி டின்களில் சிமெண்ட் ஊற்றி, நடுவே இரும்புக் குழாய் சொருகி, விதவிதமான எடைகள் செய்து வரிசையாக வைத்திருந்தான். பெஞ்சு என்பது படகுப் பலகை. அவனுடன் சுமை தூக்குகிறவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களோடு, குழாயடியில் தலையில் சோப்பு நுரையோடு குனிந்து நின்றது காது ஆறிப்போயிருந்த கணக்கு ஆசிரியர். அவர் பின்னால் கையில் சொந்தத் துணியோடு இன்னும் இரண்டு பழைய உறுப்பினர்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

வேலிக்கதவில் இசித்ரோ நின்றான். “குட்மார்னிங் சார். சட்டையைக் கழட்டுங்க.”

“நான் எடை தூக்க வரல இசித்ரோ.”

“யாரா இருந்தாலும் கழட்டினாத்தான் உள்ள. டாக்டரம்மாவும் நல்ல பழக்கம்னு சொல்லிட்டுப் போனாங்க.”

கழற்றினார். இசித்ரோ நிதானமாகப் பார்த்தான். முதலில் கழுத்து, பிறகு நெஞ்சு, கைகளைத் தூக்கச் சொல்லி அக்குள், திரும்பச் சொல்லி முதுகு. கடைகளில் நெமேசியோ செய்ததைவிட ஒழுங்காகச் செய்தான்.

“மங்கிட்டு வருது. ஆனா இன்னும் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அங்கேர்ந்தே சொல்லுங்க சார். வேலியைத் தொட வேண்டாம்.”

நெமேசியோ வாயைத் திறந்த நேரம் ஆலையில் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. தரையே அதிர்ந்தது. அவர் உதடுகள் அசைந்தன. வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியங்கள், சூழ்நிலை, பதவியின் நெருக்கடி, வாய்ப்பு உண்டு என்று சொன்னதன் சரியான பொருள், எல்லாவற்றையும் இயந்திரம் அரைத்துத் தள்ளியது.

இசித்ரோ காதுக்குப் பின்னால் கையை வைத்தான். “கேக்கல சார்!”

நெமேசியோ இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அதுவும் போயிற்று.

“சத்தமா!”

அத்தனை சத்தத்தில் நீளமான வாக்கியம் எதையும் சொல்ல முடியாது. அவர் விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். மழைத்தூறலில் சட்டையில்லாமல், வெளியே நின்றுகொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

“உன்மேல தப்பில்ல! எனக்குத் தெரியும்! அன்னிக்கே தெரியும்!”

சரியாக அந்தக் கணத்தில் இயந்திரம் நின்றது என்று பின்னால் கணக்கு ஆசிரியர் ஊரெல்லாம் சொன்னார். அப்படி இல்லை. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மனையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவன் எடையைப் பாதியில் நிறுத்தினான்.

இசித்ரோ தன் வலது தோளை இடது கையால் தேய்த்துக்கொண்டான். பிறகு தலையை ஒருமுறை அசைத்தான். மன்னித்தான் என்றும் எடுத்துக்கொள்ளலாம், காதில் விழுந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். நெமேசியோ எதுவென்று கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை நிதானமாகப் பூட்டினார். அதற்குள் இசித்ரோ அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தான்.